பித்தளை டம்ளர் குடித்த சூடு

வைகாசியில் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். ஐப்பசி வரை என் காபியில் ஒரு குறையும் இல்லை. கார்த்திகை பிறந்ததும் கணவரிடமிருந்து தினமும் ஒரே புகார், காபி ஆறிப்போயிருக்கிறதாம். எழுபதுகளின் கடைசியில் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள் போடும் காபி பச்சைத் தண்ணீர் என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். பெண்கள் பள்ளி ஒன்றில் ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பத் தாள் வாங்கியிருந்தேன். என் கணவர் அதை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"மொதல்ல காபி சூடா வரட்டும். அப்புறம் வேலைக்குப் போறத பத்தி பேசலாம்" என்றார். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

எனக்கு டம்ளர் மேல்தான் சந்தேகம். கனத்த பித்தளை. தொட்டித் தண்ணீரில் அலம்பிய சில்லிப்போடு அதில் காபியை ஊற்றுவோம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன், இருநூறு கிராம். அது கொள்ளும் காபி நூற்றைம்பது கிராம். காபி எண்பத்தைந்து டிகிரி, டம்ளர் இருபது என்று வைத்துக்கொண்டு, காபி இழக்கும் சூடும் டம்ளர் வாங்கும் சூடும் சமம் என்று கணக்குப் போட்டேன். ஒரே எடைத் தண்ணீர் வாங்கும் சூட்டில் பித்தளை பத்தில் ஒரு பங்குகூட வாங்காது. எழுபத்தெட்டு வந்தது. மூன்று முறை போட்டும் அதே விடை. டம்ளர் குடித்தது வெறும் ஏழு டிகிரி. அதற்காகக் காபி பச்சைத் தண்ணீராகிவிடாது.

மறுநாள் காலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மலை உச்சியைக் கும்பிடாமல் என் கணவர் வாயில் எதுவும் வைக்கமாட்டார். கும்பிட்ட கையோடு காபி வேண்டும் என்பதால் டம்ளரோடுதான் மாடிக்குப் போவார். குளிர்காலத்தில் உச்சியை மேகம் மூடிக்கொள்ளும். அது விலகும் வரை அவர் நிற்பார், காபி கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும். அன்று இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று.

சாயங்காலம் கணக்குத் தாளைக் காட்டினேன். "டம்ளர் எடுத்துக்கறது ஏழு டிகிரிதாங்க. மேகம் விலகட்டும்னு நிக்கறீங்களே, அதுலதான் மீதி சூடு போவுது. கும்பிட்டுட்டு கீழ வாங்க, அப்புறம் ஊத்தித் தரேன்."

அவர் தாளைத் தொடவே இல்லை. "மலையவே குத்தம் சொல்றியா?" என்றார்.

நான் சொன்னது மலையை அல்ல, நிமிடங்களை. யார் காதில் ஏறும்? எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. எட்டு நாள் கழித்து மாமியார் இன்னும் கனமான டம்ளர் ஒன்றை வாங்கி வந்தார். கனம் ஜாஸ்தியானால் சூடும் ஜாஸ்தி நிற்குமாம். அதையும் நிறுத்தேன், முந்நூறு கிராம். மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டதில் இது பத்து டிகிரி குடிக்கும் என்று தெரிந்தது. அலம்பி அடுப்படியில் வைத்தேன்.

புது டம்ளரில் ஊற்றிய முதல் நாள் வானத்தில் மேகமே இல்லை. கணவர் மாடிக்குப் போன வேகத்தில் உச்சியைக் கும்பிட்டுக் குடித்துவிட்டு இறங்கி வந்தார். டம்ளர் கையைச் சுடுகிறதாம், இதுவல்லவோ காபியாம். மாமியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கையில் சுட்டது காபி இழந்த சூடு.

அவரே இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "இந்தா, எழுதி அனுப்பு."

கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது.