காற்றில்லாத கூடம்

எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிற சிமெண்டு மேடைதான் எங்களுக்கு டேபிள் டென்னிஸ் மேசை. காலையில் அதன்மேல் வஞ்சிரமும் சங்கராவும் கிடக்கும். ஏலம் முடிந்து கழுவிவிட்டு, வெயிலில் காய்ந்தபின் அது எங்களுடையது. கிழிந்த வலையில் ஒரு துண்டை வெட்டி இரண்டு பக்கமும் செங்கல் வைத்துக் கட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். பந்தில் எப்போதும் ஒரு செதிலாவது ஒட்டியிருக்கும்.

பந்தும் பேட்டும் சித்தப்பா கொண்டுவந்தவை. மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் அவருக்கு அறைகளைத் துப்புரவு செய்கிற வேலை. ரப்பர் பிய்ந்துவிட்டதென்று விருந்தாளிகள் போட்டுவிட்டுப் போன பேட்டுகள் எங்களுக்குப் புதுசு. என்னோடு ஆட வேறு ஆள் இல்லாததால் அவரே ஆடுவார். குழந்தைதானே என்று விட்டுக்கொடுக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

மேடை வடக்கு தெற்காக நீண்டிருக்கும். தெற்குக் கோடியில் மீன் கழுவிய தண்ணீர் தேங்கி வழுக்கும். அங்கே நிற்கச் சித்தப்பாவால்தான் முடியும். நான் எப்போதும் வடக்கே. அதனால் கடல் எப்போதும் என் இடது கைப் பக்கம்.

மத்தியானத்துக்குமேல் கொண்டல் எழும்பும். கடலிலிருந்து வருகிற அந்தக் கிழக்குக் காற்றின் முன்னால் அந்தப் பந்து எம்மாத்திரம்? இடது பக்கம் வருகிற பந்தைப் புறங்கை முன்னால் வர அடிப்பதைத்தான் பேக்ஹேண்ட் என்பார்கள். அப்படி நான் சித்தப்பாவின் இடது மூலையைப் பார்த்துக் குறுக்காக அடித்தால், காற்று அதை மேடைக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய், படுத்திருக்கிற நாயின்மேல் போடும்.

"இன்னா பாப்பா, நாய்க்கு சோறு ஊட்டுறியா?" என்பார் சித்தப்பா.

எனக்கு அழுகை வரும். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆடுவேன். எத்தனையோ நாள் தோற்றபின் மூலையைப் பார்ப்பதையே விட்டேன். அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்து அடிப்பேன். பந்து நடுவாகக் கிளம்பும், கொண்டல் அதை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் போடும். சித்தப்பா எட்டிப் பார்ப்பார், எட்டாது. காற்று எங்கள் கங்கையம்மன் விடுகிற மூச்சு என்று அப்போது நம்பினேன். இப்போதும் எனக்கு வேறு நம்பிக்கை இல்லை.

நான் எட்டாவது முடிக்கிற சமயம். எங்கள் பள்ளிக்கூடம் அதோடு சரி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். அந்த பஸ்ஸும் நினைத்தால்தான் வரும். என் வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அம்மாவோடு மீன் கூடை தூக்கப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் பிடிவாதமாக இருந்தாள். "என் தலையில ஏறின கூடை என்னோட போவட்டும். இவ தலையில ஏற வுடமாட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா வலையின் கிழிசலைப் பின்னத் தொடங்கினார்.

செங்கல்பட்டில் ஒரு விளையாட்டு விடுதி இருப்பதைச் சித்தப்பாதான் விசாரித்து வந்தார். சேர்ந்தால் சாப்பாடும் தங்குமிடமும் பன்னிரண்டாவது வரை படிப்பும் கிடைக்கும். டேபிள் டென்னிஸ் ஆடுகிற பெண்ணுக்கு ஒரே ஓர் இடம். அதற்குத் தேர்வு ஆட்டம் வைத்தார்கள். அம்மா அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் திருநீறு முடிந்து என் இடுப்பில் சொருகினாள். அப்பா கடலுக்குப் போயிருந்தார். நாங்கள் மூவரும் கிளம்பினோம்.

அப்படி ஒரு கூடத்தை நான் பார்த்ததில்லை. பச்சை மேசை, வெள்ளைக் கோடு, எல்லாம் பளபளவென்று இருந்தன. ஆட்டம் தொடங்குமுன் ஜன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறியையும் நிறுத்தினார்கள். எனக்கு மூச்சு முட்டியது.

"சித்தப்பா, இங்க காத்தே இல்ல."

"காத்து இல்லாம ஆடுறதுதான் ஆட்டமாம். பெரிய மனுசங்க ஆட்டம். போ, போ."

அந்த ஓர் இடத்துக்காக எதிரே நின்றவள் டவுன் பெண். என் வயதுதான். ஷூ போட்டிருந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சார் ஒருவர் கைகட்டி ஓரமாக நின்றார். என் பேட்டைப் பார்த்துவிட்டு அவள், "இது எந்தக் கம்பெனி?" என்றாள். ரப்பரைச் சித்தப்பா சைக்கிள் பஞ்சர் பசை வைத்து ஒட்டியிருந்தார். நான் பேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

முதல் செட்டில் என் பேக்ஹேண்ட் ஒன்றுகூட மூலைக்குப் போகவில்லை. பழகின கை பழகின மாதிரியே நடுவாகப் போட்டது. தள்ளிக்கொண்டு போகக் காற்று இல்லாமல் பந்து நேராக அவள் உடம்பை நோக்கியே போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் ஒவ்வொரு தடவையும் தடுமாறினாள். பேட்டை இப்படித் திருப்புவதா, அப்படித் திருப்புவதா என்று தெரியாமல் நெளிந்து, வலையிலும் வெளியிலும் அடித்தாள். அந்த செட் எனக்கு வந்தது. 'பாவம், இவளுக்கு ஆடத் தெரியவில்லை' என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது செட்டில் தப்பைத் திருத்த முடிவு செய்தேன். காற்று இல்லையென்றால் மூலையைப் பார்த்தே அடிக்கலாமே? அடித்தேன். அழகாக மூலையிலேயே விழுந்தது. அவள் ஓர் எட்டு வைத்து, கையை வீசி, என்னால் கிட்டே போக முடியாதபடி திருப்பி அனுப்பினாள். மறுபடி மூலை, மறுபடி அதே அடி. செட் போய்விட்டது. கடைசி செட்டான மூன்றாவதிலும் பாதி தாண்டுமுன் நான் வெகுவாகப் பின்தங்கியிருந்தேன்.

"அடி, இன்னாடி ஆச்சு ஒனக்கு?" அம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

துண்டால் முகம் துடைக்கப் போன நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாயே கங்கையம்மா, ஜன்னலைச் சாத்தினால் நீ வர மாட்டாயா? ஒரே ஒரு கொண்டலை அனுப்பு. நீ அனுப்பிவிட்டாய் என்றே நான் ஆடுகிறேன், என்னைப் பொய்யாக்காதே. இவ்வளவுதான் வேண்டினேன். வேண்டிவிட்டுப் போய், காற்று அடிக்கிறதென்று மனதுக்குள் கட்டிக்கொண்டு ஆடினேன். மூலையைப் பார்க்கவில்லை. எதிரே நின்றவளின் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்தேன்.

அவள் மறுபடி நெளிந்தாள். பந்து அவள் பேட் பிடித்த கையின் முழங்கையை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம் இடித்தது, இடப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கம் இடித்தது. "நகரு! காலை நகர்த்து!" என்று சார் கத்தினார். கத்தக் கத்த அவள் இன்னும் கலங்கினாள். பந்து மூலைக்குப் போகவில்லையே, அம்மன் இன்னும் வரவில்லையே என்று எனக்குள் பதைப்பு. ஆனாலும் விடவில்லை. கடைசிப் பந்தை அவள் முழங்கையாலேயே தட்டிவிட்டாள்.

சித்தப்பா போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "எனக்கு முழங்கைகிட்ட வந்தா ஆடத் தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் காத்துக்குப் போட்டேன்."

"இங்க ஏது காத்து? கிண்டல் பண்றியா?"

சார் அவள் தோளில் கை வைத்தார். "அது தெரிஞ்சே ஆடுதும்மா. உன்ன நின்ன இடத்துல கட்டிப் போட்டுச்சு பாரு" என்றார். என்னைப் பற்றிப் பேசுகிறார் என்றே எனக்கு விளங்கவில்லை.

பின்னாளில் விடுதியில், எதிராளியின் முழங்கைக்குப் போடுவது ஒரு பெரிய தந்திரம் என்று பலகையில் படம் போட்டுச் சொல்லித்தந்தார்கள். பேட்டின் எந்தப் பக்கத்தால் அடிப்பதென்று எதிராளி முடிவெடுக்குமுன் பந்து வந்துவிடுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. காற்றைக் கேட்ட பிள்ளைக்கு அம்மன் காற்றைத் தரவில்லை. காற்று முன்பே பழக்கி வைத்த கையைக் கொடுத்தாள். இதை யார் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, இன்றும் ஆடி மாதம் என் வீட்டுக் கூழ் அவளுக்குப் போகிறது.

அன்று சாயங்காலம் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் திரும்பினோம். சித்தப்பா பக்கத்து சீட்காரரிடம் ஆட்டத்தை முழுசாக ஆடிக் காட்டிக்கொண்டு வந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடியென்றால் அப்படி ஒரு பிடி. இரத்தம் கட்டிவிடும்போல இருந்தது.

"வுடும்மா, நோவுது. நான் இன்னா ஓடியா போயிடுவேன்?"

சித்தப்பா சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்த நாளில் ஏன் இவர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. செங்கல்பட்டில் தங்கப் போகிறேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவோடு இருக்க மாட்டேன் என்பதை நான் யோசிக்கவே இல்லை.