செலவானது உங்களுது, மிச்சம் என்னுது

கடன் வசூலுக்குப் போகிறவரைப் பார்த்தால் ஜனங்கள் பின்வாசல் வழியாக ஓடுவார்கள். தருமப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போகிறவளைப் பார்த்தால் உட்காரவைத்து, ஃபேன் போட்டு, டீ வரவழைத்து, பணத்தைத் தவிர எல்லாம் கொடுப்பார்கள். கேட்கப் போன பணத்துக்குப் பதில் டீ குடித்துவிட்டுத் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள், மனசு ஆறும்.

திருவொற்றியூரில் ஒரு அறக்கட்டளையில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. அறக்கட்டளை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று கடைகள், அந்த வாடகையில் நடக்கும் ஒரு பிள்ளைகள் காப்பகம், அவ்வளவுதான் சொத்து. மீன் விற்கப் போகிற, இறால் உரிக்கப் போகிற, கம்பெனி வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் இருபத்தாறு பேர் அங்கே இருக்கிறார்கள். இருபத்தாறாவது என் மகள் மகிழ், இரண்டரை வயது.

கடை வாடகையை வசூலித்துக் கட்ட தயாளன் என்று ஒரு ஏஜென்ட். எட்டு மாதமாக ஒழுங்காக வசூலித்தார். எட்டு மாதமும் ஒழுங்காகத் தன் சொந்த வங்கிக் கணக்கில் போட்டுக்கொண்டார். எங்களிடம், "கடைக்காரங்க இழுக்கறாங்க" என்று சொல்லிவந்தார். அடுத்தவரைச் சந்தேகப்படுவது பாவம் என்பது எங்கள் தலைவர் ஐயாவின் கொள்கை. ஆகவே கையிருப்பைக் கரைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டோம். காப்பகம் இருக்கும் கட்டடத்துச் சொந்தக்காரர், "இந்த மாசக் கடைசிக்குள்ள அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் ஏத்தணும், இல்லாட்டி காலி பண்ணுங்க" என்று சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டோம். தயாளனிடம் இருந்தது ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். அது வராவிட்டால் காப்பகம் மூடும். காப்பகம் மூடினால் இருபத்தாறு அம்மாக்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். நானும் அதில் ஒருத்தி.

முதல் நாள் வசூல்

தயாளன் வீட்டுச் சுவரில் அவர் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தெரு நலச் சங்கத் தேர்தலில் நிற்கிறாராம். "நேர்மையின் முகவரி தயாளன்" என்று கொட்டை எழுத்து. எந்தப் பதவிக்கு என்று கீழே பார்த்தேன். பொருளாளர். வேறென்ன!

அன்பாகத்தான் வரவேற்றார். மகிழுக்கு க்ரீம் பிஸ்கட் கொடுத்தார். அவளும் மூன்று வாங்கினாள். அன்றைய மொத்த வசூல் அதுதான். "அண்ணா, வாடகையை டிரஸ்ட் கணக்குல கட்டாம உங்க கணக்குல எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன். கொஞ்சமும் முகம் வாடாமல் சொன்னார்: "இன்னா தங்கச்சி இப்டி கேட்டுட்ட? டிரஸ்ட் கணக்குல போட்டா அத்த யாரு பாத்துக்குவாங்க? என் கணக்குன்னா டெய்லி மூணு வாட்டி நானே தொறந்து பாத்துக்கினு கீறேன்ல!"

மாவுக் கடைக்காரம்மா

மூன்று கடைகளில் ஒன்று இட்லி மாவுக் கடை. நடத்துகிற அம்மா ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைத்ததில்லை. வாடகை கட்டுவதற்கென்று தயாளன் கொண்டுவந்து கொடுத்த ஸ்கேன் அட்டையை, மாவு படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, குங்குமம் வைத்து மாட்டியிருந்தார். என் போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். தயாளன் பெயரும் படமும் வந்தன, கூலிங்கிளாஸோடு.

"ஏம்மா, இத்தனை மாசம் பணம் போட்டீங்களே, அறக்கட்டளை பேர் வரலையேன்னு தோணலையா?" என்றேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தயாளன்னு வந்துச்சும்மா. தருமம் பண்ற எடமாச்சே, அதுக்கேத்தாப்ல நல்ல பேரா வச்சிகீறாங்கன்னு நெனச்சிகினேன்."

வங்கியில்

வங்கிக்குப் போனேன். டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, என் முறை வந்ததும் விவரத்தை எல்லாம் சொன்னேன். கவுண்ட்டரில் இருந்த தம்பி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தயாளன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லக்கூட விதி இல்லை என்றார். "அது எங்க பணம் தம்பி" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் பதில்: "உங்க பணமாவே இருக்கட்டும் மேடம், ஆனா அது குடியிருக்கிற வீடு அவரோடது."

பதினாறு தாள்

வங்கி கொடுக்காத கணக்கு விவரத்தைத் தயாளனே கொடுத்தார். கேட்டதும் பிரிண்ட் எடுத்துக் காப்பகத்துக்கே கொண்டுவந்து நீட்டினார், பதினாறு தாள். மறைக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்தால்தானே ஒருவர் மறைப்பார்?

நானும் கஸ்தூரி அக்காவும் அவரை எதிரில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து படித்தோம். அக்கா எங்கள் ஆயாம்மா, சமையலும் அவர்தான். கடை வாடகை, தயாளனின் நிலத் தரகு, பிரியாணி, பெட்ரோல், மறுபடி பிரியாணி, அவர் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கல்யாண மண்டபம், மேளம், பிரியாணி. எல்லாம் ஒரே கணக்கில் சாம்பாரும் ரசமும் ஒன்றாக ஊற்றின மாதிரி கிடந்தது. கடைசி வரியில் மிச்சம் இரண்டு லட்சத்துச் சொச்சம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். தயாளன் விடவில்லை. "அவசரப்படாத தங்கச்சி. மண்டபத்துக்கும் மேளத்துக்கும் போனது உங்க வாடகத் துட்டு. இப்ப மிச்சம் கீறது என் தரகு. உங்குள்துதான் செலவாய்ப்போச்சே, நான் இன்னா பண்ணட்டும்? மெள்ள மெள்ள தரேன்" என்றார்.

அவர் தலை மறைந்தது. கஸ்தூரி அக்கா பிள்ளைகளுக்குப் பருப்பு மசித்துக்கொண்டே சொன்னார்: "செலவானது நம்பள்து, மிச்சம் கீறது அவன்து. பிரியாணி துன்னது மட்டும் யாரு, நானா?"

வக்கீல் அம்மா

ராயபுரத்தில் ஒரு வக்கீல் அம்மாவிடம் பதினாறு தாளையும் கொண்டுபோனேன். சின்ன வயசுதான்; ஃபீஸ் மட்டும் பெரிய வயசு. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம்பி ஒப்படைத்த பணத்தை ஒருவர் தன் பணத்தோடு கலந்துவிட்டுச் செலவு செய்தால், முதலில் தன் சொந்தக் காசைத்தான் செலவு செய்தார், ஒப்படைத்த பணத்தைக் கடைசிவரை தொடவில்லை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். ஏனென்றால் யோக்கியமான மனுஷன் அப்படித்தானே செய்வான்! ஆகவே பிரியாணி அவருடையது, மிச்சம் நம்முடையது.

ஒரே ஒரு சிக்கல். நடுவில் ஒருநாள் கணக்கு நம் தொகைக்குக் கீழே இறங்கியிருந்தால், அந்த அளவுக்கு நம் பணமும் போயிற்று என்று அர்த்தம். பிறகு வந்து விழுந்ததை நம்முடையது என்று சொல்ல முடியாது. இருவரும் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். மண்டபத்துக்குக் கட்டிய நாளின் வரியில் என் விரல் நின்றது. அதுவரை வந்திருந்த நம் வாடகை ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். மண்டபத்துக்குக் கட்டியது போக அன்றைய இருப்பு ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூறு. இன்னும் நாலு பேருக்குப் பந்தி போட்டிருந்தால் எங்கள் காப்பகத்தையும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பார்கள்.

"கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்கலாம். ஆனா மாசக் கடைசிக்குள்ள நடக்காது. அவரே எழுதிக் கொடுத்தா உண்டு" என்று ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தார். அந்த ஆளையா யோக்கியர் என்று நம்புவது என்று நான் முணுமுணுத்தேன். வக்கீல் அம்மா தாளில் முத்திரை வைத்துக்கொண்டே சொன்னார்: "சட்டமே நம்புது, நீங்களும் ஒரு வாரத்துக்கு நம்பித் தொலைங்களேன்."

யோக்கியரின் வாசலில்

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணி லாரி வருகிற நேரமாகப் பார்த்துப் போனேன். தெருவே குடத்தோடு நின்றது. தயாளன் ஓட்டு கேட்கிற சிரிப்போடு வாசலில் நின்றார். என் இடுப்பில் மகிழ், கையில் தாள்.

"அண்ணா, உங்களைப் பத்தி நல்லபடியா ஒண்ணு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா?" என்றேன். நல்லபடியாக என்றதும் குடங்கள் கிட்டே நகர்ந்தன. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் செய்தி வாசித்தவள் நான், குரலுக்குக் குறைவில்லை. "தயாளன் ஆகிய நான் யோக்கியமானவன். காப்பகத்துக் குழந்தைகளின் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட நான் தொடவில்லை. என் மகளின் விழாவுக்கு என் சொந்தப் பணத்தைத்தான் செலவு செய்தேன். குழந்தைகளின் பணம் முழுவதும் என் கணக்கில் அப்படியே இருக்கிறது. அதை இன்றே திருப்பித் தருகிறேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. "இல்ல தங்கச்சி, அது வந்து... அந்தத் துட்டு செலவாகி..." என்று ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். கையில் தோசைக் கரண்டி. "யோவ், இன்னாயா செலவாகி? எம் பொண்ணு சடங்குக்கு நீ புள்ளைங்க சோத்துத் துட்டையா போட்ட?"

"ஐயே, இல்லம்மே!"

"இல்லன்னா போடு கையெழுத்து."

போட்டார். யோக்கியமானவன் என்ற வார்த்தைக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அங்கேயே போனை எடுத்து அறக்கட்டளைக் கணக்குக்கு அனுப்பினார். ஒரு லட்சத்தோடு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் போகுமாம். தயாளன் முகத்தில் லேசாகச் சிரிப்பு திரும்பியது. மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டே நாள். நான் பதறுவதற்குள் அவர் மனைவி போனை அவர் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "நீ நாளைக்குக் காலில வந்து மிச்சத்த வாங்கிக்கம்மா. இன்னிக்கி ராவு இந்தப் போனு என் தலகாணிக்கடியில தூங்கும், இந்தாளு வெளிய தூங்குவாரு."

மறுநாள் மிச்சமும் வந்தது, காப்பகமும் நிலைத்தது. தயாளன் யோக்கியர் என்பதற்கு உலகத்திலேயே இருக்கிற ஒரே ஆதாரம் இப்போது எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதற்கும் ஃபீஸ் கட்டியவர்கள் நாங்கள்தான்.