ஒரே தடவை நின்ற சாமான் கோச்சி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்று ஒரு பிடி அரிசி கேட்டதில்லை. அந்த ஐவரில் மூன்றாவது மகள் இன்று உயிரோடு இருக்கிறாள் என்றால், அதற்கு ஒரு சாமான் கோச்சியின், சரக்கு ரயிலின், கடைசிப் பெட்டிதான் காரணம். அந்தப் பெட்டியின் சின்னக் கதவில் நின்று, மழைக்குள் இரண்டு கையையும் நீட்டி என் பிள்ளையை வாங்கிக்கொண்டவர் கார்ட் மாத்தயா. சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. பெயர் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. நான் சொல்லச் சொல்ல அந்த மகளின் மகள்தான் இதை எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். எழுதட்டும்.

ரம்புக்கனைக்கு மேலே, ரயில் பாதை மலையைப் பிடித்து ஏறத் தொடங்குகிற இடத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். ஐப்பசி பிறந்தால் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும்தான். முதல் நாள் மழையில் மரம் ஊறிப்போயிருந்தால் மறுநாள் காலையில் பால் வெட்டு இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்து கோச்சி பார்ப்போம். ஆட்கள் போகிற கோச்சி சட்டென்று கடந்துவிடும். சாமான் கோச்சி அப்படியில்லை. முன்னால் ஒரு இன்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ள, முக்கி முக்கி ஏறும். ஒரு வாய் வெற்றிலை போட்டு மென்று துப்புகிற வரைக்கும் கண்ணுக்குள்ளேயே இருக்கும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வரும். இரும்பு கருகுகிற வாடை லயம் வரைக்கும் அடிக்கும்.

இறங்குகிற கோச்சியின் கடைசிப் பெட்டியில்தான் அவர் வருவார். நாங்கள் கையை ஆட்டுவோம். அவர் பச்சைக் கொடியை ஒரு தரம் ஆட்டுவார். அது என் கைக்காகத்தான் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்த மதினிக்குக் கேலி பண்ண அது போதும்.

"வாங்க மதினி, ஓங்க ஆளு வாறாரு. பவுடர் போட்டாச்சா?"

"போடாட்டி என்னா? நான் கையத் தூக்குனா கோச்சியே நிக்கும், தெரியுமா?"

"கோச்சி நிக்குதோ இல்லியோ, அண்ணன் சோத்துச் சட்டிகிட்ட நிக்கிறாரு. மொதல்ல அவரப் பாருங்க."

சிரிப்போம். வெறும் வாய்ப்பேச்சு அது. எங்களில் யார் கைக்கும் அந்தக் கோச்சி ஒரு நாளும் நின்றதில்லை.

மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. விறகு எடுக்கப் போனவளை, கட்டுக்குள் சுருண்டிருந்த விரியன் கடித்துவிட்டது. தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து லொறி வர வழியில்லை. என் வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் மண் வெட்டப் போயிருந்தார்கள். பிள்ளையின் கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரயில் பாதையில் இறங்கினேன், நடந்தாவது ரம்புக்கனைக்குப் போய்விடலாம் என்று. மதினியும் இன்னொருத்தியும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் மேலேயிருந்து சாமான் கோச்சி இறங்கியது. ஒதுங்கி நின்றோம். பெட்டிகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. கடைசிப் பெட்டி வந்தபோது கையைத் தூக்கினேன். வழக்கமாக ஆட்டுகிற கை இல்லை அது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் காலைத்தான் பார்த்தார். உள்ளே திரும்பி பிரேக்கைப் போட்டார். கோச்சி கிறீச்சிட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் போய் நின்றது.

"நகின்ன நங்கி, இக்மன்ட்ட," என்றார். ஏறு தங்கச்சி, சீக்கிரம் என்று அர்த்தம். பிள்ளையைத் தன் ஆசனத்தில் கிடத்தி, தன் கோட்டால் போர்த்தினார். ரம்புக்கனையில் தானே ஓடிப்போய் வேன் பிடித்து, கேகாலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். நாலாம் நாள் மகள் சோறு கேட்டாள்.

அது ஒற்றைப் பாதை. சாமான் கோச்சி இறங்கி வரட்டும் என்று கீழே ஆட்கள் கோச்சி ஒன்று காத்துக்கிடந்திருக்கிறது. அது பிந்திப் போனதற்கு விசாரணை வைத்தார்கள். என்னையும் கூட இருந்த இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி கொடுத்தார். அதுவரைக்கும் எந்த ஆபீசிலும் நான் உட்கார்ந்ததில்லை. கோச்சி எப்படி நின்றது என்று சிங்களத்தில் கேட்டார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "மாத்தயா நல்ல மனிசர், நான் கையைத் தூக்கினால் நிப்பாட்டுவார்," என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவரை நல்லவர் என்று சொல்லத்தான் சொன்னேன். ஆனால் அது பாதிதான். மறு பாதி, என் கைக்கு இருக்கிற மதிப்பு அந்த நாற்காலி போட்டவருக்கும் தெரியட்டும் என்பது.

அவர் எழுதி முடித்து, "கியவன்னத?" என்று கேட்டார். வாசித்துக் காட்டவா என்று. அந்த இரண்டு பேரும் பெருவிரலில் மை பூசிக்கொண்டு நின்றார்கள். எனக்கோ என் பெயரை எழுதத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும். "ஓன நே மாத்தயா, மட்ட அத்சன் கரன்ன புளுவன்," என்றேன். வேண்டியதில்லை, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. பேனாவை வாங்கி, தமிழில் என் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

அதற்குப் பிறகு கடைசிப் பெட்டியில் வேறு ஆள் வந்தார். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று தை வரைக்கும் பார்த்தேன். பிறகு ரம்புக்கனை சந்தைக்குப் போன ஒரு நாள், ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவரிடம் விசாரித்தேன். எங்கள் தமிழ் ஆள்தான் அவர்.

"அவர வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களே, தெரியாதா?" என்றார். "நெதமும் தோட்டத்து ஆளுகளுக்கு கோச்சிய நிப்பாட்டுறவருன்னு ஒரு பொம்பள கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாளாம். பாவம், மூணு பொம்பளப் புள்ளைக அவருக்கு."

அந்தப் பொம்பளை நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, அவர் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். கார்ட் மாத்தயாவின் ஊரையாவது கேட்டிருக்கலாம். தேடிப்போய், அந்தப் பேச்சு பிழை என்று அந்த அதிகாரியிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால், வாசித்துக் காட்டவா என்று கேட்டபோது வேண்டாம் என்றவள் நான் என்பதையும் சொல்லவேண்டி வருமே. அந்த வெட்கம் விடவில்லை. இப்போதும் ஐப்பசியில் எண்ணெய்த் தாங்கிகளை இழுத்துக்கொண்டு கோச்சி இறங்குகிறது. பார்க்கிறேன். கையைத் தூக்குவதில்லை.

என் மகள் மட்டும், விருந்தாளி யார் வந்தாலும், "எங்கம்மா ஒத்தக் கையால கோச்சிய நிப்பாட்டுனவங்க," என்று ஆரம்பித்துவிடுவாள். இத்தனை வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இதை வாசித்தால் என்ன நினைப்பாளோ தெரியாது.

எழுதுகிறவள் நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏன் அம்மாயி, நிப்பாட்டுவாருன்னு சொன்னதுல என்னா தப்பு? நல்ல மனுசன்னுதானே அர்த்தம்?"

"நிப்பாட்டுனாருன்னா ஒரு தடவ, கண்ணு. நிப்பாட்டுவாருன்னா நெதமும்."

அதையும் குனிந்து எழுதினாள். இப்போது முடிந்துவிட்டது என்று சொல்லி, அடியில் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டுகிறாள்.

"இரு கண்ணு. மொதல்ல வாசி. ஒரே தடவைன்னு எழுதியிருக்கியான்னு நான் கேக்கணும். அவசரமில்ல, மொதல்ல இருந்து வாசி."