பாட்டுப் போடாமல் கேட்டுப் பார்த்தது

பாறசாலை முதல் வெள்ளறடை வரை, எங்கள் சொந்தத்தில் யார் ஹோம் தியேட்டர் வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்க மாட்டார்கள். என் காதுக்கு அப்படியொரு பெயர். அந்தக் காது மெல்ல மந்தமாகிக்கொண்டு வருவது எனக்கு மட்டும்தான் தெரியும். போன மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தில் சில்வண்டுச் சத்தம் நின்றுபோனது. ஏதோ மருந்து அடித்துவிட்டார்கள் என்று தோட்டக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "மருந்தா? சாரே, இந்த வண்டு கத்துற கத்துல நிக்க முடியல்ல" என்று அவர் சிரித்தார். அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் தங்கை கூப்பிட்டாள். வெள்ளறடையில் தனியாக இருக்கிறாள், மாப்பிள்ளை வளைகுடாவில். கிறிஸ்மஸுக்கு அவர் வருமுன் ஒரு நல்ல செட் வாங்கி வைக்க வேண்டும் என்றாள். சபைப் பாடகர் குழுவில் முன்னணிக் குரல் அவளுடையதுதான். பாட்டென்றால் உயிர்.

உதியன்குளங்கரையில் தானே ஆம்ப்ளிஃபயர் கட்டி விற்கும் ஒரு கடைக்காரரிடம் போனோம். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸைப் பார்க்காதே, தூக்கிப் பார் என்பது என் முதல் விதி. ட்ரான்ஸ்பார்மர் ஒழுங்காக இருந்தால் கனக்கும். அந்த விதிப்படி பவர் ஆம்பை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். ப்ரீஆம்பில்தான் சிக்கல். அது முன்னால் இருக்கும் சின்னப் பெட்டி, சத்தத்தைப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதில் இரைச்சல் இருந்தால் பவர் ஆம்ப் அதையும் சேர்த்துப் பெருக்கித் தரும். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று விலை குறைவு, முகப்பெல்லாம் நீல விளக்கு. மற்றது சாதாரணக் கறுப்புப் பெட்டி, விலை கொஞ்சம் கூடுதல்.

"அண்ணனுக்க டெஸ்ட் ஒண்ணு உண்டு, பாருங்கோ" என்று தங்கை கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள்.

உண்டு. பாட்டே போடாமல் வால்யூமை முழுக்கத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைப்பேன். நல்ல ப்ரீஆம்ப் என்றால் அமைதியாக இருக்கும். மட்டமானது 'ஸ்ஸ்' என்று இரையும். ஊர் முழுக்க நான் சொல்லிக் கொடுத்த சோதனை அது.

நீல விளக்குப் பெட்டியை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. கறுப்பை வைத்தேன். அதிலும் ஒன்றுமில்லை. வால்யூம் முழுக்கத் திரும்பியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கையும்தான்.

"இதே போதும்" என்று நீல விளக்கைக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான். சும்மா எதுக்குக் கூடுதல் காசு?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சாரே, இன்னொரு தடவ கேட்டுப் பாத்தா..."

"எனக்குப் படிப்பிச்சுத் தர வேண்டாம் ஓய்!"

தங்கை குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள். நெற்றி சுருங்கியது. "அண்ணே, சின்னதா ஒரு இரைச்சல் போல..."

"இரைச்சல் பெட்டியில இல்ல, உனக்க காதுலயாக்கும்!"

மூக்குக்கு மேல் வந்த கோபத்தில் சொன்னேன். கோபமா அது? பயம். அண்ணன் சொன்னால் அப்பீல் கிடையாது எங்கள் வீட்டில். நீல விளக்குப் பெட்டி ஆட்டோவில் ஏறியது.

இரண்டு மாதம் கழித்து, கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், வெள்ளறடைக்குப் போனேன். சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சி நேரம். அவள் இருக்க மாட்டாள், கொண்டுபோன கேக்கை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பலாம் என்று நினைத்தேன். கதவு திறந்தே கிடந்தது. டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எதுவும் ஓடவில்லை. மேசைமேல் காது டாக்டரின் சீட்டுகள்.

"பிராக்டிஸுக்குப் போகல்லியா மக்கா?"

"நிறுத்திட்டேன் அண்ணே." குரல் கம்மியிருந்தது. "காதுல இரைச்சல் உண்டுல்லா. சுதி தப்பிப் போச்சுன்னா எல்லாருக்கும் முன்ன மானம் போவும். டாக்டரு ஒண்ணுமில்லன்னு செல்லுறாரு. ரெண்டு பேரைப் பாத்தாச்சு. ஆனா அண்ணன் அன்னைக்கு சரியா கண்டுபிடிச்சு சென்னது நெசம்தான்."

மேசைமேல் இருந்த சீட்டைப் புரட்டினேன். "அது... பெட்டி ஓடும்போதுதானே கேக்கும்?"

"அப்படித்தான் முதல்ல நெனச்சேன். இல்ல அண்ணே. பெட்டிய அணைச்சாலும் இந்த நேரம் ஆச்சுன்னா கேக்குது. இந்தா, இப்பவும் கேக்குது. ஸ்ஸ்ஸுன்னு, நிக்காம."

நான் காதைக் கூர்மையாக்கினேன். வீடு எனக்கு நிசப்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. அப்போதுதான் உறைத்தது.

"எழும்பி அந்த ஜன்னலை அடை."

அடைத்தாள்.

"இப்ப?"

"கொறஞ்சிருக்கு..."

"திற."

"கூடுது அண்ணே."

"சில்வண்டாக்கும் அது. உனக்க காதுல ஒரு குறையும் இல்ல. அந்தப் பெட்டியிலயும் இரைச்சல் உண்டு, நீ கேட்டது நெசம்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. திரும்பியபோது முகமெல்லாம் ஈரம்.

"எப்பா... அப்போ இது அண்ணனுக்கும் கேக்குதுல்லா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"இல்ல மக்கா. எனக்குக் கேக்கல்ல. அன்னைக்கும் கேக்கல்ல."

முகத்தைத் துடைத்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, என்மேல் கத்தினாள்.

"ரெண்டு மாசம் அண்ணே! ரெண்டு மாசமா நான் ஒரு பாட்டுகூட பாடல்ல!"

அது எனக்கு நன்றாகவே கேட்டது.