தர்மராஜின் குரல் பூட்டிக்கொண்ட நாள்

திருவெறும்பூர் பக்கம் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் தர்மராஜ். அவர் பேசினால் பக்கத்து ஷெட்டில் டீ குடிப்பவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்து உட்கார்ந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் எழுதுவதை டேப்லெட் ஒரு பெண்குரலில் படித்துச் சொல்லும். “இப்பத்தாங்க நீங்க பேசுறது காதுக்கு இதமா இருக்கு” என்று மனைவி மலர்க்கொடி கேலி செய்வாள். ஸ்பானர் பிடித்துத் தடித்த விரலுக்குத் திரையில் எழுத்து அகப்படவில்லை என்று வயர் இல்லாத கீபோர்டு வாங்கித் தந்தவளும் அவள்தான்.

சொந்தக் குரலில் அவர் மகள் ரஞ்சனியிடம் கடைசியாகச் சொன்னது, “இனி இந்த வாசப்படிய மிதிக்காத.” ஸ்ரீரங்கத்து ஹரிபிரசாத்தைக் கட்டிக்கொண்டதற்கு அந்த வரவேற்பு. கோபம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அதைப் போனில் எழுதி அனுப்ப மனுஷனுக்கு வீம்பு. நேரில் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தார்.

சரஸ்வதி பூஜைக்கு இருவரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே மலர்க்கொடி வீட்டிலிருந்த புத்தகம், நோட்டு, பேனா அத்தனையையும் சாமி முன்னால் அடுக்கினாள். கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம். “இப்ப உங்க ஆயுதம் இதுதாங்க” என்று அதன் மேலேயே அவருடைய பழைய ஸ்பானரையும் வைத்தாள். மறுநாள் பூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது, எழுதக்கூடாது. ஒரு நாள்தானே, திரையிலேயே விரலால் தட்டிக்கொள்ளலாம் என்று அவரும் விட்டுவிட்டார்.

வந்துவிட்டார்கள். “நமஸ்காரம் மாமா” என்றான் ஹரிபிரசாத், வாசலுக்கு வெளியிலேயே நின்று. ரஞ்சனியும் படி ஏறவில்லை. தர்மராஜ் பதறிக்கொண்டு தட்டினார். இரண்டு வார்த்தை முடிவதற்குள் திரை இருண்டு பூட்டிக்கொண்டது. திறந்தார், தட்டினார், பூட்டிக்கொண்டது. சார்ஜ் இருக்கிறது, கீழேயும் போடவில்லை. பிறகு என்ன கேடு? அணைத்துப் போட்டார். துடைத்தார். ஊதிக்கூடப் பார்த்தார். பேனாவுக்குக் கை நீட்டினால் பேனா சாமியிடம் இருந்தது.

எரிச்சலில் அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. அதைத்தான் மகள் பார்த்தாள்.

“அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலம்மா. நாங்க கெளம்புறோம்.”

“ஏங்க, தலையையாவது ஆட்டுங்களேன்!” என்றாள் மலர்க்கொடி.

அவர் காதில் அது ஏறவேயில்லை. சிக்னல் கோளாறோ என்னவோ என்று டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு இருவரையும் தாண்டித் தெருவுக்கு ஓடினார். மகளைக் கண்டதும் அப்பா வெளிநடப்பு செய்கிறார் என்றுதானே தோன்றும்? ரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருக்கோடியில் திறந்தார். திரை பூட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றார். பூட்டவேயில்லை. அவருக்குத் தலை சுற்றியது. வெளியே நல்ல பிள்ளையாக இருக்கிறது, வீட்டுக்குள் போனால் பூட்டிக்கொள்கிறது. அப்படியானால் வீட்டுக்குள் உட்கார்ந்து பூட்டுவது யார்?

கீபோர்டு! அதன் மூலையில் பூட்டுப் படம் போட்ட பட்டன் ஒன்று உண்டு; கை தவறிப் பட்டு முன்பும் பூட்டியிருக்கிறது. காலையில் யாரும் கீபோர்டை ஆஃப் செய்யவில்லை; தெருக்கோடிவரைதான் அதற்கு எட்டாது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். நேரே சாமி முன்னால் போனார். “ஐயோ, தொடாதீங்க!” என்று மலர்க்கொடி கத்தக் கத்த, பட்டனை அமுக்கிக்கொண்டு கிடந்த ஸ்பானரைத் தூக்கினார். அத்தனை வருஷம் சோறு போட்ட ஸ்பானர். வாசலில் ரஞ்சனி போவதற்குத் திரும்பியிருந்தாள்.

புதிதாக எழுத அவருக்குப் பொறுமை இல்லை. திரையில் ஏற்கெனவே இருந்ததைப் படிக்கச் சொல்லி அமுக்கினார். உணர்ச்சியே இல்லாத அந்தப் பெண்குரல் வரிசையாகப் படித்தது:

“வாங். வாங்க மா. வாங்க மாப். ரஞ். ரஞ்சனி வா. வாம். வாங்க மாப்பி. வாம்மா. வாம்மா. வா.”

ரஞ்சனி அப்படியே நின்றாள். அப்புறம் செருப்போடு உள்ளே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டேன்ப்பா” என்றாள்.