மூன்றாவது மட்டை

சம்ரான் யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மழை வரும் என்று டிவியில் சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். சென்ற மழைக்காலத்திலிருந்து அவருக்குப் புதிதாக இரண்டு சந்தேகங்கள். சோடா கம்பெனிக்காரர்கள் மூடியை வேண்டுமென்றே இறுக்கித் திருகி அனுப்புகிறார்கள் என்பது ஒன்று. தெருமுனைச் சலவைக்காரி தன் சட்டைகளின் பொத்தான் துளைகளைச் சுருங்க வைக்கிறாள் என்பது இன்னொன்று. அவளோடு சண்டை போட்டு, வேறு தெருவில் சலவைக்குப் போட ஆரம்பித்தார். அங்கேயும் துளைகள் சுருங்கின.

வயது ஐம்பத்தெட்டு. இருபது வருடம் இறால் பண்ணையில் வேலை பார்த்தவர். பண்ணையில் நோய் விழுந்து மூடிய பிறகு, பேட்ரியூ நகரத்து பேட்மிண்டன் கிளப்பில் தரை துடைக்கச் சேர்ந்தார். அங்கே மட்டைக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பாங்காக் போய்விட்டான். வலை பின்னிய கைக்கு நரம்பு பின்ன வராதா என்று சம்ரான் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். பதினைந்து வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பதினைந்து வருடத்தில் அவர் கட்டிய மட்டைகளில் பெரும்பாலானவை ஊர் மறந்தவை. புவாவின் மட்டைகள் அப்படியல்ல. வண்டியில் காபி விற்கும் ரம்பாயின் மகள் புவா, ஒன்பது வயதில் கிளப்புக்கு வந்தவள். பதினைந்தில் தேசியப் பட்டம். இருபத்திரண்டில், கோலாலம்பூரில், ஆசியப் பட்டம். எந்த நாட்டுக்கு ஆடப் போனாலும் ஆறு மட்டைகளும் சம்ரான் கையால் கட்டப்பட்டுத்தான் விமானம் ஏறும். பட்டம் வாங்கி வந்த அன்று ஊர்வல வண்டியில் அவரையும் ஏற்றினார்கள். வண்டி ஓட்டுகிறவன் குடித்திருக்கிறானோ என்று வழி முழுக்கச் சம்ரான் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதெல்லாம் இரண்டு வருடம் முன்பு. முதல் வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வருடம் ஐந்து போட்டிகள், ஐந்திலும் முதல் சுற்றிலேயே தோல்வி. கைக்கு வந்த பந்துகளெல்லாம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல், மூன்று விரல் தள்ளி விழுந்தன. அடுத்த மாதம் பாங்காக் போட்டியிலும் முதல் சுற்றில் தோற்றால் தேசிய அணியில் இடம் இல்லை என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

ஊரார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரோ சோதோன் கோயில் புத்தரிடம் வேண்டிக்கொண்டு, பட்டம் வந்த பிறகு அவித்த முட்டை, நடனம் என்று சொன்ன நேர்த்திக்கடனைச் செலுத்தாமல் விட்டிருக்கிறார்கள். கேட்டதைக் கொடுப்பவர், சொன்னதை வாங்காமல் விடுவாரா?

சம்ரான் துப்புத் துலக்கக் கிளம்பினார். முதலில் ரம்பாய்.

"நூறு முட்டை வேண்டிக்கிட்டேன், நூறையும் என் கையால அவிச்சு வெச்சேன். பிரசாதத்த மூணு நாள் தின்னு வாயு புடிச்சுக் கெடந்தோம். ஒனக்குந்தானே பத்து குடுத்தேன், மறந்துட்டியா?" என்றாள் ரம்பாய்.

"நூறுதானா? எண்ணினியா?"

"வேணும்னா புத்தரையே போய்க் கேளேன்! காபி வேணுமா, வேணாமா?"

அடுத்தது பயிற்சியாளர் மானோப். எட்டு நடனக்காரிகளைக் கோயிலில் ஆட வைப்பதாக வேண்டியிருந்தார். கைப்பேசியில் படத்தைக் காட்டினார். சம்ரான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை எண்ணினார்.

"ஏழுதான் இருக்கு, தம்பி."

"எட்டாவது ஆளு தூணுக்குப் பின்னால அண்ணே. கை தெரியுது பாருங்க."

கை தெரியத்தான் செய்தது. ஆனால் அது நடனக்காரியின் கைதானா?

பள்ளிப் பிள்ளைகளின் மட்டைகளுக்கு நரம்பு கட்டும் தொங்திப் எதுவுமே வேண்டிக்கொள்ளவில்லை என்றாள். அதனால் அவள்மேல்தான் சந்தேகம் கூடியது. நாற்பது வயதுக்காரி. எந்நேரமும் அவர் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போடுகிறாள். ஆதாயம் இல்லாமல் யாராவது அடுத்தவன் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவார்களா?

கடைசியாக, நரம்பு கட்டும் அறைக்கு மட்டை எடுக்க வந்த புவாவிடமே கேட்டார்.

"நீ ஏதாவது வேண்டிக்கிட்டியா, கண்ணு?"

"வேண்டிக்கிட்டேன்."

"செஞ்சுட்டியா?"

"செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா." அவர் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். செய்துமுடித்தேன் என்று சொல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்கிறாளே, அது என்ன முடியாத கடன்? 

மறுநாள் மானோப் ஒரு சின்னக் கருவியோடு வந்தார். நரம்பின் இறுக்கத்தை அளக்கும் கருவி. புவாவின் மட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இருபத்தெட்டு பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருபத்தைந்து காட்டியது, ஒன்று இருபத்து மூன்று, இன்னொன்று இருபத்தாறு.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. ஒவ்வொரு மட்டையும் ஒவ்வொரு மாதிரி இருந்தா பந்து எங்க போய் விழும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? வேற ஆள வெச்சுக் கட்டலாம்னு நாலு மாசமா கெஞ்சுறேன். ஒத்துக்கவே மாட்டேங்குறா."

ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாளாம். கேட்டதும் சம்ரானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கூடவே விஷயமும் புரிந்துவிட்டது. கருவி பொய், மானோப் கூட்டு, தொங்திப்புக்கு இடம் பிடிக்கிறார்கள்.

அதை நிரூபிக்க, மனைவி லம்துவனின் மீன்கடைத் தராசைக் கொக்கியோடு கழற்றிக் கிளப்புக்குத் தூக்கி வந்தார். வீட்டுத் தராசையும் அவர் நம்பவில்லை. கிளம்புமுன் கடையிலேயே சீல் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு அது சரிதானா என்று பார்த்தார்.

"நான் நிறுக்குற கொடுவா மீன்ல ஒரு கிராம் கொறஞ்சா என் பேர மாத்திக்கிறேன்யா," என்று லம்துவன் வாசலில் நின்று கத்தினாள். "கட்டின பொண்டாட்டி தராச அரிசி வெச்சுச் சோதிக்கிற மனுஷன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்!"

தராசைக் கோர்த்து இயந்திரத்தை இழுக்க வைத்தார். இருபத்தெட்டு பவுண்டுக்கு எவ்வளவு கிலோ வர வேண்டுமோ, அவ்வளவும் வந்தது. இயந்திரம் சுத்தம். சம்ரான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தார்.

தொங்திப் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அதே இயந்திரத்தில், அதே நரம்பில் ஒரு மட்டையைக் கட்டி அவரிடம் நீட்டினாள். கருவியில் வைத்தார். இருபத்தேழு. தான் கட்டியதை வைத்தார். இருபத்து நான்கு. கருவி பொய் என்றால் இரண்டுக்கும் பொய்தானே சொல்ல வேண்டும்?

"இன்னொன்னு கட்டுங்கண்ணே, நான் பாக்குறேன்," என்றாள் தொங்திப்.

கட்டினார். ஒவ்வொரு நரம்பையும் இழுத்து நிறுத்தி, இடுக்கியைக் கட்டைவிரலால் அழுத்திப் பூட்ட வேண்டும். அவர் அழுத்தினார். தொங்திப்பின் கண் அந்த விரல்மேலேயே இருந்தது. சம்ரானும் அந்த விரலைப் பார்த்தார். அழுத்துகிறோம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கியின்மேல் சும்மா படுத்திருந்தது. இடுக்கி வழுக்கியது, நரம்பு ஒரு மயிரிழை பின்வாங்கியது.

சோடா மூடி ஞாபகம் வந்தது. பொத்தான் துளை ஞாபகம் வந்தது. உலகத்தில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்பட்டவர், கூடவே இருந்த கட்டைவிரலை மட்டும் நம்பியிருக்கிறார். மரத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் புவாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என்ன வேண்டிக்கிட்டே? ஒளிக்காம சொல்லு."

அவள் தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டே சொன்னாள். கோலாலம்பூர் இறுதி ஆட்டம். இரண்டு மட்டைகள் அடுத்தடுத்து நரம்பு அறுந்துவிட்டன. மற்ற மூன்றும் இருந்த பெட்டி வந்துசேராததால் கையில் மிச்சம் இருந்தது மூன்றாவது மட்டை மட்டும். கடைசி செட், பத்தொன்பதுக்கு இருபது, எதிராளிக்கு ஒரு புள்ளி போதும். "சோதோன் புத்தரே, இது அறுந்துடாம இருந்தா, நான் ஆடுற வரைக்கும் என் மட்டை சம்ரான் மாமா கையத் தவிர வேற கைக்குப் போகாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"அடிப்பாவி! யாராவது இப்படி வேண்டுவாங்களா? எத்தன முட்டை, எத்தன நாள்னு கணக்கா சொல்ல வேணாமா?"

"இருபது புள்ளியில எங்க மாமா கணக்குச் சொல்றது?"

"மட்டை தளந்துபோனது ஒனக்குத் தெரியும்தானே?"

"கையில எடுத்தா தெரியாதா? போன மழையிலேருந்து தெரியும்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்றாள் புவா. "என்னையும்ல சந்தேகப்பட்டிருப்பீங்க."

சந்தேகப்பட்டுத்தான் இருப்பார். ஐந்து தோல்வியையும் இந்தப் பெண் வாயைக் கட்டிக்கொண்டு வாங்கியிருக்கிறாள், தன் கையை விட்டுக்கொடுக்காமல். சம்ரான் அழுதார். இறால் பண்ணை மூடிய அன்றுகூட அவர் அழுததில்லை.

அவளால் வாக்குத் தவற முடியாது. ஆனால் அவருக்கு அந்தக் கட்டு இல்லையே. மறுநாள் காலை நூறு முட்டைகளை அவித்து, இரண்டு முறை எண்ணி, சோதோன் கோயிலுக்கு எடுத்துப் போனார். கூட்டத்தில் மண்டியிட்டு, பக்கத்தில் இருப்பவர் ஒட்டுக்கேட்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, புத்தரிடம் தெளிவாகச் சொன்னார்:

"அவ கேட்டா, நீங்க குடுத்தீங்க. அவ சொன்ன சொல்லக் காப்பாத்தினா, நீங்களே பாத்தீங்க. அந்தக் கை என்னுது. அது இன்னியோட நரம்பு கட்டுறத நிறுத்திடுச்சு. இல்லாத கைக்கு அவள எப்படிப் புடிச்சு வெப்பீங்க? அவள விட்டுடுங்க. வேற ஏதாவது கணக்கு இருந்தா என்கிட்ட வாங்கிக்குங்க."

திரும்பி வந்து, அறைச் சாவியைத் தொங்திப்பின் கையில் வைத்தார். அவள் ஆறு மட்டைகளையும் கட்டி முடித்தாள். புவா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தட்டினாள். 'டிங்' என்று வந்தது சத்தம். ஒரு வருடமாக அந்த அறையில் கேட்காத சத்தம். சம்ரான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாங்காக் போட்டி நாளில் மீன்கடை டிவியில் முதல் சுற்றைப் பார்த்தார். மூன்றாவது செட், இருபத்தொன்றுக்குப் பதினெட்டு. புவாவின் கடைசிப் பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. லம்துவன் ஈரக் கையோடு அவர் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"நீ ஏதாவது வேண்டிக்கிட்டியாய்யா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"ஐம்பது முட்டை. முதல் சுத்துக்கு மட்டும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள வெச்சிடுறேன்னு சொல்லியிருக்கேன்."

மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பியபோது சட்டைப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. இரண்டு முறை முயன்று பார்த்தார். பிறகு லம்துவனின் முன்னால் போய் நின்று நெஞ்சைக் காட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். சலவைக்காரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.