திருப்பிச் சொல்கிறவர்

மனைவி உப்பு வாங்கிவரச் சொன்னால், "உப்பு, ஒரு பாக்கெட்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அவர் செருப்பைத் தேடுவார். பஸ்ஸில் நடத்துனர் இறங்குமிடத்தைச் சொன்னாலும் அதேதான். அவர் படுக்கையில் கிடந்தபோது நர்ஸாக நான் மாத்திரை கொடுத்த காலத்தில், "வெள்ளை ஒண்ணு, மஞ்சள் பாதி" என்பார். "மனுஷனைக் கட்டிக்கிட்டேன்னு நினைச்சேன் சிஸ்டர், கிளியைக் கட்டியிருக்கேன்" என்பாள் அவர் மனைவி. எனக்கு வசதிதான். எட்டு மாதத்தில் ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை.

தொழில் கொடுத்த பழக்கம் அது. உயர் அழுத்த மின்கம்பிகளைச் சோதிக்கும் ஹெலிகாப்டரில் விமானிக்கு இடப்பக்கம் உட்காருவார். மரத்தின் தலையை உரசுகிற உயரத்தில் பறக்கும் வேலை. பழுதைக் குறித்துக்கொள்வதும், குறுக்கே வேறு கம்பி வந்தால் குரல் கொடுப்பதும் இவர் பொறுப்பு. "குறுக்குக் கம்பி" என்று இவர் சொன்னால் விமானியும் "குறுக்குக் கம்பி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் இவர் மறுபடி கத்த வேண்டும். அதுதான் விதி. ஒன்பது வருடம் இருவரும் அப்படிப் பறந்தார்கள்.

ஒரு நாள் காலை, வெயில் கண்ணில் அடித்த நேரத்தில், சுழலும் இறக்கையில் கம்பி சிக்கியது. உழுத வயலில் விழுந்தார்கள். விமானி அங்கேயே இறந்துபோனார். இவருக்கு இடுப்பும் வலது தொடையும் நொறுங்கின. இயந்திரம் விமானியின் பக்கமாகச் சாய்ந்து விழுந்ததால் இவர் பிழைத்தார் என்றது விசாரணை அறிக்கை. சாய்த்தது விமானியின் கையா, சிக்கிய கம்பியா என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. "அவன்தான் சாய்ச்சான்" என்பார் இவர். எனக்கும் தெரியாது. உடம்பு துடைத்துவிடும்போது இடப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். காலையில் கண் விழித்ததும் மேலே பார்த்து, "இன்னிக்கும் உன் புண்ணியம்டா" என்பார். அதற்குப் பிறகுதான் பெட்பேன் கேட்பார்.

ஊன்றுகோலை விட்ட பிறகும் ஒரு காரியம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எச்சரித்தும் விமானி கவனிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தது. இவர் குரல் கொடுத்தது உண்மை. பதில் வராததும் உண்மை. மறுபடி குரல் கொடுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை, கொடுக்கவில்லை என்று இவரும் சொல்லவில்லை. விமானியின் மனைவி இவரை அண்ணா என்று அழைப்பவள். சொன்னால் அந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பயந்தார். இப்போது மட்டும் என்ன, வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தானே ஓடி வருகிறீர்கள் என்று கேட்டேன். போன மாதம், நடந்ததை எல்லாம் எழுதி விசாரணை அலுவலகத்துக்குத் தபாலில் போட்டுவிட்டு, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பினார்.

சமையலறையில் எங்களை உட்காரவைத்து, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு தடவைதான் சொன்னேன்மா. அவன் திருப்பிச் சொல்லல. கேட்டிருக்கும்னு விட்டுட்டேன்."

கத்தி நின்றது. இதை அலுவலகத்துக்கும் சொல்லியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். தபால் விஷயத்தைச் சொன்னார். நறுக்கிய காயைப் பலகையின் ஓரமாக ஒதுக்கினாள்.

"பதினோரு வருஷம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேண்ணா. ஒரு நாளும் பதில் சொன்னதில்ல அந்த மனுஷன். நானும் ரெண்டாவது தடவை கூப்பிட்டதில்ல. வந்துடுவாரு."

பிறகு அழுதாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதிக் காயை நறுக்கினேன்.

சமையல் முடிந்ததும் மூன்று தட்டு வைத்தாள். இவர் நிமிராமல் சாப்பிட்டார். தட்டு காலியானதும் எழுந்திருக்கவில்லை; இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அதை அவள் பக்கம் நீட்டினார்.